75-லேயே நின்றுவிடும் பழைய வண்டி: இன்ஜினுக்குப் போர் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்

கேள்வி:

ஐயா, வணக்கம். என்னிடம் இருப்பது அப்பா 2003-இல் வாங்கிய 150 சிசி பைக். நாலு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. போன வருடம் வரை நேர்ச்சாலையில் 105 வரை போகும். ஆறு மாதத்துக்கு முன் 90-க்கு மேல் ஏறவில்லை. கார்புரேட்டரை இரண்டு முறை கழுவினோம். அதற்குப் பிறகு 75-லேயே நின்றுவிடுகிறது. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் இரண்டும் புதிது. ஸ்டார்ட்டிங் ஒரே உதை, ஐடிலிங் அருமை, 60 வரை இழுவையும் சரியாக இருக்கிறது. சைலன்சரில் புகை இல்லை. ஒரு மெக்கானிக் போர் போட்டு, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் மெயின் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையை, பெரிதாக்கினால் போதும் என்கிறார். எதைச் செய்வது? வண்டியை விற்க மனமில்லை.

பதில்:

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: கார்புரேட்டரைக் கழுவிய பிறகு 90 போய் 75 ஆகிவிட்டது என்று. எனக்கு அந்த வரிதான் முக்கியம். அதற்கு வருகிறேன். அதற்கு முன் ஒன்று: இன்ஜினை இப்போதைக்குப் பிரிக்க விடாதீர்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. வண்டி வேகமாகப் போகப் போக அதைத் தடுப்பது பெரும்பாலும் காற்றுதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு ஓடத் தேவையான சக்தியோ எட்டு மடங்காகும். 75-இல் போவதற்கும் 105-இல் போவதற்கும் வேகத்தில் உள்ள வித்தியாசம் 1.4 மடங்குதான். ஆனால் தேவைப்படும் சக்தியில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வித்தியாசம். அதாவது புதிதில் 13 குதிரைசக்தி கொடுத்த இன்ஜின் இப்போது ஐந்து, ஆறுதான் கொடுக்கிறது.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்து, சிலிண்டர் தேய்ந்து, ஐந்தில் ஒரு பங்கு சக்தி போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போதுகூட 105 என்பது 97 பக்கம்தான் இறங்கும். 75-க்கு வராது. தேய்மானத்தால் மட்டும் பாதிக்கு மேல் சக்தி போன இன்ஜின் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகாது, புகையில்லாமல் ஓடாது, ஐடிலிங்கில் அமைதியாக நிற்காது. உங்கள் வண்டி இந்த மூன்றையும் நன்றாகச் செய்கிறது. அப்படியென்றால் இன்ஜின் தேய்ந்துபோகவில்லை. எங்கேயோ ஏதோ ஒன்று முழுதாகத் திறக்கவில்லை, அல்லது அடைத்துக்கொண்டிருக்கிறது, அல்லது இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைத்தான் தேட வேண்டும்.

முதலில் 75 என்பது உண்மைதானா என்று பாருங்கள். பழைய மீட்டரும் மீட்டர் கேபிளும் வயதாக ஆக மனம்போன போக்கில் காட்டும். போனில் ஜிபிஎஸ் வேகம் காட்டும் செயலியைப் போட்டு, பின்னால் உட்காருபவர் கையில் கொடுத்து, 40-லும் 60-லும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். செயின் ஸ்ப்ராக்கெட் எப்போதாவது மாற்றியிருந்தால் பற்களையும் எண்ணுங்கள். முன்னால் 15 பல் இருந்த இடத்தில் 14 பல் வந்திருந்தால், அதே ஆர்பிஎம்-இல் வேகம் 7 சதவீதம் குறையும். இவை இரண்டும் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தின்ன முடியாது. ஆனால் அந்த முதல் 90-க்கு ஒரு பங்குக் காரணமாக இருக்கலாம்.

அடுத்து, வண்டி முக்குகிறதா, வழுக்குகிறதா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். டாப் கியரில் 50-இல் போகும்போது ஆக்சிலேட்டரை ஒரே முறுக்காக முழுவதும் முறுக்குங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ‘ங்ங்’ என்று மேலே ஏறி, வண்டி அதே இடத்தில் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. சத்தமும் ஏறாமல் வேகமும் ஏறாமல் மூச்சு முட்டினால் குறை இன்ஜின் பக்கம், இல்லையென்றால் பிரேக் பக்கம்.

கிளட்ச் வழுக்கினால் உடனே பிளேட் வாங்க ஓடாதீர்கள். கிளட்ச் லீவரின் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் இறுக்கமாக இருந்தால், நீங்கள் கையை வைக்காமலே கிளட்ச் பாதி பிடித்தபடி இருக்கும். கடைசியாக என்ன ஆயில் ஊற்றினார்கள் என்றும் கேளுங்கள். கார் இன்ஜினுக்கான, உராய்வைக் குறைக்கும் ஆயில் பைக்கின் ஈரக் கிளட்சுக்கு, அதாவது ஆயிலில் நனைந்தபடியே ஓடும் கிளட்சுக்கு, ஆகாது. டப்பாவில் ஜாசோ (JASO) எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக் குறி போட்டிருக்க வேண்டும்.

பிரேக்கைப் பார்ப்பது இதைவிட எளிது. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, பிரேக் பிடிக்காமல் வண்டியை உருளவிட்டு நிறுத்தி, இரண்டு வீலின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள். டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டே ஓடுகிறது. டிரம் பிரேக்கில் உள்ளே இருக்கும் கேம் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்கும்; டிஸ்க்கில் கேலிப்பர் பிஸ்டன் உள்ளே போகாது. நடு ஸ்டாண்டில் போட்டு நியூட்ரலில் வீலைச் சுழற்றினாலும் தெரிந்துவிடும். அதே கையோடு டயரில் காற்றையும் செயின் இறுக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

சரி, இப்போது கார்புரேட்டருக்கு வருவோம்.

2000-க்குப் பிறகு வந்த பல 150 சிசி வண்டிகளில் இருப்பது சிவி கார்புரேட்டர். மேலே வட்டமாக ஒரு மூடி, அதை இரண்டோ நான்கோ திருகுகள் பிடித்திருந்தால் உங்களுடையதும் அதுதான். இதில் ஆக்சிலேட்டர் கேபிள் திறப்பது ஒரு தகட்டை மட்டுமே. அதற்கு முன்னால் ஒரு உருளை இருக்கிறது, ஸ்லைடு என்போம். அதை எந்தக் கேபிளும் தூக்குவதில்லை. இன்ஜின் இழுக்கும் உறிஞ்சலில் அது தானாக மேலே ஏற வேண்டும். ஏறினால்தான் காற்றுப் பாதை முழுதாகத் திறக்கும், ஊசியும் கூடவே தூக்கப்பட்டு பெட்ரோல் அளவாக வரும். அந்த உறிஞ்சலைப் பிடித்துவைப்பது ஸ்லைடின் தலையில் குடைபோல விரிந்திருக்கும் மெல்லிய ரப்பர் டயாஃப்ரம்.

அந்த ரப்பரில் ஒரு கீறல் விழுந்தால் என்ன ஆகும்? ஐடிலிங்கில் ஸ்லைடு ஏற வேண்டிய வேலையே இல்லை, ஆகவே ஐடிலிங் அருமையாக இருக்கும். ஸ்டார்ட்டிங்கும் அப்படியே. 50, 60 வரை ஸ்லைடு பாதி ஏறினால் போதும், அதுவும் நடந்துவிடும். அதற்கு மேல் நீங்கள் எவ்வளவு முறுக்கினாலும் தகடு திறக்கும், ஸ்லைடு ஏறாது. வண்டி ஒரு வேகத்தில் சுவரில் முட்டியதுபோல நிற்கும். உங்கள் கடிதத்தில் உள்ள அறிகுறிகளை இதோடு வைத்துப் பாருங்கள்.

இது ஏன் கழுவிய பிறகு வந்திருக்கும்? கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே உலோகத்துக்கானது. டயாஃப்ரத்தைக் கழற்றாமல் அதை அடித்தால் ரப்பர் ஊறிப் பெரிதாகி, தன் பள்ளத்தில் உட்கார மறுக்கும். சுருக்கத்தோடு மூடியை வைத்துத் திருகினால் ஓரம் நசுங்கிக் கிழியும். இருபது வருட ரப்பருக்கு அந்த அடி போதும். கழுவியவரைக் குறை சொல்லவில்லை; அவசரத்தில் யாருக்கும் நேர்வதுதான். நானே ஆரம்பக் காலத்தில் ஒரு டயாஃப்ரத்தை இப்படி நசுக்கியிருக்கிறேன். அந்த வண்டிக்காரர் மறுநாள் திரும்பி வந்து நின்ற முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

சோதிக்கும் முறை இது. வண்டி நன்றாக ஆறியிருக்க வேண்டும், காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும், பக்கத்தில் தீ கூடாது. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் ரப்பர் குழாயைக் கழற்றுங்கள். கார்புரேட்டரின் வாய்க்குள் ஸ்லைடு தெரியும். சுத்தமான விரலால் அதை மேலே தள்ளிவிட்டு விடுங்கள். டயாஃப்ரம் நன்றாக இருந்தால் ஸ்லைடு எண்ணெய்க்குள் இறங்குவதுபோல நிதானமாக இறங்கும். ‘டக்’ என்று விழுந்தால் சந்தேகம் உறுதி. ஏறும்போது எங்காவது உரசித் தயங்கினால் ஸ்லைடிலோ அது ஓடும் தடத்திலோ கோடு விழுந்திருக்கிறது.

பிறகு மேல் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, துள்ளிப் போய்விடாமல் கையால் அழுத்திக்கொள்ளுங்கள். டயாஃப்ரத்தை விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மடிப்புகளை விரலால் மெல்ல விரித்துக்கொண்டே ஒரு முழுச் சுற்று பாருங்கள். சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியாது. மடிப்பு விரியும்போதுதான் ஊசி முனையளவு வெளிச்சம் நட்சத்திரம்போல எட்டிப் பார்க்கும். பல பட்டறைகள் சுற்றி, ஜெட் மாற்றி, ஸ்பார்க்கைக் கொடுக்கும் சிடிஐ பெட்டியை மாற்றி, கடைசியில் என்னிடம் வந்த ஒரு வண்டியில் இருந்தது அந்த ஒரு புள்ளிதான். அது இருந்தது மடிப்பின் அடிவளைவில். ஸ்லைடு ஏறும்போதெல்லாம் விரிந்து, இறங்கியதும் மூடிக்கொண்டது. மூடியின் ஓரத்தில் காற்று வழியை அடைக்கும் குட்டி ஓ-ரிங் சில கார்புரேட்டர்களில் உண்டு. கழுவும்போது அது தொலைந்துபோனாலும் இதே குறைதான் வரும்.

ஓட்டை இருந்தால் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனால் ஒட்டாதீர்கள். பெட்ரோல் ஆவியில் அது கரைந்து, சில நாளில் பிசுபிசுப்பாக ஜெட்டுக்குள் போய்விடும். டயாஃப்ரம் மாற்ற வேண்டியதுதான். பல மாடல்களுக்கு ஸ்லைடோடு சேர்த்தே வரும். மாட்டும்போது ஓரத்தில் உள்ள சின்ன நாக்கு அதற்கான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாய் வழியாக ஸ்லைடைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூடியை வைத்தால் ஓரம் தளர்ந்து, தானாகப் பள்ளத்தில் உட்காரும்.

இதைச் செய்யும்போதே இன்னொன்றும் பார்த்துவிடலாம். ஒருவர் ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்க, நீங்கள் தகட்டைப் பாருங்கள். அது காற்றுப் பாதைக்கு நேர்கோட்டில் படுக்கிறதா? கேபிள் நீண்டுபோய் முக்கால்வாசியோடு நின்றுவிடும் வண்டிகளும் உண்டு.

டயாஃப்ரம் சரியாக இருந்தால், அல்லது மாற்றியும் பழைய 90-லேயே நின்றால், அடுத்த சந்தேகம் பெட்ரோல் ஓட்டம். இங்கே ஒரு கேள்விக்கு நீங்களே பதில் கண்டுபிடிக்க வேண்டும். முழு ஆக்சிலேட்டரில் முதல் அரை நிமிடம் நன்றாகப் போய், அப்புறம் படுத்துக்கொள்கிறதா? கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் தீரும் வரை வண்டி ஓடும். மேலிருந்து வரும் ஓட்டம் போதவில்லை என்றால் அப்புறம் திணறும். இந்த அளவு இன்ஜின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 மில்லி பெட்ரோல் குடிக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது குழாயைக் கழற்றி, ஒரு அளவுப் பாட்டிலில் ஒரு நிமிடம் விட்டு அளந்து பாருங்கள். அதைப்போல இரண்டு மடங்காவது வர வேண்டும். வரவில்லை என்றால், டேங்குக்குள், பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கின் தலையில் உள்ள வலையில் துரு படிந்திருக்கும். இருபது வருட டேங்கில் செம்மண் பொடிபோல நுண்துரு இருப்பது சகஜம்.

டேங்க் மூடியில் காற்று உள்ளே போகும் துளை அடைத்திருந்தாலும் இதே திணறல்தான். வண்டி படுத்தவுடன் ஓரமாக நிறுத்தி மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

பெட்ரோல் குறைக்கும் ஸ்பார்க் குறைக்கும் வித்தியாசம் உடம்புக்கே தெரியும். பெட்ரோல் பற்றாக்குறையில் வண்டி மெதுவாகச் சோர்ந்து பின்வாங்கும். ஸ்பார்க் விட்டுவிட்டு வந்தால் வெட்டி வெட்டி இழுக்கும், சில நேரம் சைலன்சரில் வெடிக்கும். வெட்டி இழுத்தால் பிளக் கேப், காயில், பிக்அப் வயர் என்று போக வேண்டும். வெட்டாமலே சக்தி மட்டும் குறைந்து இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால், இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், வேகத்தோடு முன்னேறுகிறதா என்று டைமிங் லைட் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐடிலில் நிற்கும் இடத்திலேயே 4000 ஆர்பிஎம்-லும் குறி நின்றால் சிடிஐ போய்விட்டது.

சைலன்சரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உள்ளே கார்பன் கட்டியிருக்கலாம், உள் தகடு உடைந்து வழியை மறித்திருக்கலாம். இரட்டைச் சுவர் வளைவுக் குழாயில் உள்குழாய் மட்டும் நசுங்கினால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. கொஞ்ச நாள் நிறுத்தி வைத்த வண்டியில் குளவி மண்கூடு கட்டியிருந்ததையும் நான் எடுத்திருக்கிறேன். இன்ஜின் ஓடும்போது புகைவாயிலுக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்தால், காற்று தெளிவாகத் துடித்துத் துடித்து வர வேண்டும். சோம்பலாக வந்தால் கழற்றிப் பாருங்கள்.

டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, கடைசியாக எப்போது பார்த்தது என்று நீங்கள் எழுதவில்லை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். சிறிய இன்ஜின்களில் பெரும்பாலும் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள் இருக்கும், உங்கள் மாடலின் சரியான எண் கையேட்டில் உண்டு. டேப்பெட் சத்தமே இல்லாத பழைய வண்டியைக் கண்டால் எனக்குக் கவலைதான். இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது, மெல்லக் கருகும். இடைவெளி பார்க்கத் திறக்கும்போதே வால்வைத் தள்ளித் திறக்கும் கேம் மேடு தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். கேம் தேய்ந்தால் வால்வு குறைவாகத் திறக்கும். ஐடிலிங் நன்றாக இருக்கும், மேல் வேகம் இருக்காது. டைமிங் செயின் மாற்றியபோது ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தாலும் அப்படித்தான்.

மெயின் ஜெட்டைப் பெரிதாக்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். போன வருடம் வரை இதே ஜெட்டில்தான் வண்டி 105 போனது. உலோகத்தில் போட்ட துளை தானாகச் சிறிதாகாது. அடைத்திருந்தால் சுத்தம் செய்யலாம். கம்பியால் குத்திச் சுத்தம் செய்திருந்தால் மட்டும், அதே எண்ணில் புதிய ஜெட் போடுங்கள். ஸ்லைடு ஏறாத கார்புரேட்டரில் ஜெட்டைப் பெரிதாக்கினால் பிளக் கறுக்கும், மைலேஜ் போகும், ஏறாத வேகம் ஏறாமலே இருக்கும்.

போர் போடுவதற்கும் ஒரு நிபந்தனை வையுங்கள்: முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், அளக்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், ஆக்சிலேட்டர் முழுதும் திறந்திருக்க வேண்டும். மூடியபடி அளந்தால் நல்ல இன்ஜினும் கெட்டதுபோலக் காட்டும், அதை வைத்துப் போர் போட்ட கதைகள் நிறைய. எண் குறைவாக வந்தால் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கட்டும். எண் ஏறினால் ரிங் பக்கம் குறை. ஏறாவிட்டால் குறை வால்வில். அப்போது புதுப் பிஸ்டன் போட்டும் பயனில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது ஒரு வேண்டுகோள். இதற்கெல்லாம் 100-இல் போக வேண்டிய அவசியம் இல்லை. மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தாலே இன்ஜின் தயக்கமில்லாமல் மேலே சுற்றுகிறதா, முக்குகிறதா என்பது தெரியும். அதையும் ஆளில்லாத நேர்ச்சாலையில், அங்குள்ள வேக வரம்புக்குள், ஹெல்மெட்டோடு செய்யுங்கள். அதற்கு முன் டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும், பாருங்கள். 1412 என்று இருந்தால் 2012-ஆம் வருடத்தின் 14-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த வயது ரப்பரை நம்பி நான் வேகம் போக மாட்டேன்.

டயாஃப்ரத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஓட்டை இல்லையென்றால், ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி பெட்ரோல் வந்தது, முழு ஆக்சிலேட்டரில் ஓடியபடியே இன்ஜினை அணைத்து, கிளட்ச் பிடித்து நிறுத்திக் கழற்றிய பிளக் வெள்ளையாக இருந்ததா, பழுப்பா, கறுப்பா என்ற இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். அங்கிருந்து தொடர்வோம்.